புத்தகத்தில் சாம்பல் நிறம்

பதிவுப் புத்தகத்தில் சாம்பல் என்றிருக்கிறது.
மூதூரில் நான் வாங்கியபோது பச்சை.
கதவின் கீழ் விளிம்பைச் சுரண்டினால் ஒரு மஞ்சள்,
அதற்கும் அடியில், தகரத்தோடு ஒட்டி,
யாரோ விரும்பி வாங்கிய ஒரு நீலம்.
ஒஸ்டின் ஏ-நாற்பது.
என்னைவிட முப்பத்தொரு வயது மூப்பு.

"வெள்ளையே அடிங்க மிஸ், விக்கக்குள்ளயும் லேசு"
என்கிறார் நிஸ்பர்.
சீனன்குடா மா ஆலையில்
காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை
வெள்ளையின் வெண்மையை அளந்து எழுதுகிறவள் நான்.
வெள்ளை வேண்டாம்.
விற்கவும் மாட்டேன்.

கராஜ் மட்டிக்களியில்.
கச்சான் அடித்தால் புழுதி வந்து ஈரப் பெயின்டில் குந்தும்.
வாடை தொடங்கினால்
பளபளப்பு பால் பிடித்ததுபோல் வெளிறும்.
நடுவில் ஏதோ இருபது நாள் இருக்கிறதாம்,
அதற்குள் நிறத்தைச் சொல்ல வேண்டுமாம்.

செல்லுலோஸா, டூ-பக்கா?
செல்லுலோஸ் தேய்க்கத் தேய்க்க ஆழம் காட்டும்,
பழைய காருக்கு அதுதான் மரியாதை.
இந்த உப்புக்கு மூன்று மாரி தாங்காது.
டூ-பக் கண்ணாடிபோல் இறுகும்,
முகமூடி போடாமல் அடிப்பவனின்
நெஞ்சுக்குள்ளும் இறுகும்.
இருபது வருடம் லேஞ்சியை மூக்கில் கட்டி அடித்தவர் நிஸ்பர்.
ஆகவே நான் முதலில் வாங்கியது பெயின்ட் அல்ல,
ஒரு முகமூடி.
"மூச்சு முட்டுது" என்று அவர் கழற்றும் போதெல்லாம்
போய் கொம்பிரசரை நிறுத்திவிட்டு நிற்பேன்.

பட்டி எங்கே தடிப்பு என்று பார்க்க
வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த வாத்துக் காந்தத்தை
உடம்பெல்லாம் ஓடவிட்டோம்.
பொனற்றில் பிடித்தது. மட்காட்டில் பிடித்தது.
இடது பின்கதவில், கைபிடிக்கு ஒரு சாண் கீழே,
விழுந்தது.
திரும்ப வைத்தோம்.
திரும்பவும் விழுந்தது.

உளியால் தட்டினார்.
விரல் தடிப்பில் பெயர்ந்தது பட்டி.
இரண்டு ஓட்டை.
விளிம்புகள் உட்பக்கம் மடிந்திருந்தன.
கறள் அப்படி ஓட்டை போடாது.
இருவரும் அதைச் சொல்லவில்லை.
"தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

விற்றவருக்கு அழைத்தேன்.
"நான் எடுக்கக்குள்ளயே பச்சைதான் பிள்ளை"
என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"பட்டி வெச்சா ஒருத்தருக்கும் விளங்காது.
வெல்டிங் என்டா தகரம் நெளியும்,
ஆறாயிரம் கூடப் போகும்."
வெல்டிங் என்றேன்.
அந்த இடத்தில் வாத்து ஒட்ட வேண்டும்,
அவ்வளவுதான் காரணம்.
ஞானரூபன் வந்து பொட்டுப் பொட்டாகச் சுட்டார்,
ஒரு பொட்டு ஆறும்வரை பொறுத்து மறுபொட்டு.
மத்தியானம் முழுக்க அந்தக் கதவுக்கே போயிற்று.

நிறம்?
அட்டையை உட்துறைமுக வீதிக்குக் கொண்டுபோனேன்.
கடலுக்கு நேரே பிடித்தால்
பன்னிரண்டு நீலமும் பொய்.
மதிலில் வைத்துவிட்டுப் போனுக்குப் பதில் சொல்லித் திரும்பினால்
மான் ஒன்று மேல்வரிசையைத் தின்றுகொண்டிருக்கிறது.
இந்த ஊர் மான்களுக்குப் பேப்பர் என்றால் போதும்.
பறித்தேன். ஈரமாக மிஞ்சியது
கீழ்வரிசை மண்ணிறங்கள்.
கடைசிக்கு முந்தியது:
மழையில் நின்ற மானின் விலா.
புள்ளி இல்லாமல்.

பாக்கியநாதரின் கடையில் கலந்தார்கள்.
கறுப்பு ஒரு சொட்டுக் கூடிவிட்டது,
மஞ்சள் விட்டுச் சமாளித்தார்கள்,
பிறகு சிவப்பு, அந்த மஞ்சளைச் சமாளிக்க.
நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து
விடியப்புறம் நாலு மணிக்கு அடித்தார் நிஸ்பர்.
முகமூடியோடு.
மேலே இரண்டு கோட் கிளியர்.

இனிப் புத்தகத்தில் நிறம் மாற்ற வேண்டும்.
படிவத்தில் ஒரு சிறிய கட்டம்:
மாற்றத்துக்கான காரணம்.
பின்னால் வரிசை நீளமாக நின்றது.
கறள், என்று எழுதினேன்.
அவர் நிமிர்ந்தும் பாராமல் முத்திரை குத்தினார்.